நிறுத்துங்கள், ஆனால் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்

முதியோர் உதவித்தொகையை வழங்கவும் நிறுத்தவும் அதிகாரம் உள்ள வருவாய்த்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

எங்கள் தெருவில் இருக்கும் ஒரு ஆயாவுக்கு ஆடி மாதத்திலிருந்து ஓஏபி பணம், அதாவது இந்த முதியோர் உதவித்தொகை, வரவில்லை. இப்படி எத்தனையோ மனுக்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். திங்கட்கிழமை மனு நாளில் உங்கள் மேசையில் குவிவதில் பாதி இந்தச் சங்கதியாகத்தான் இருக்கும். அதனால் திட்டம் என்ன, யாருக்கு, எவ்வளவு என்றெல்லாம் உங்களுக்கு நான் விளக்கப் போவதில்லை. பணம் நின்ற விதத்தைப் பற்றி மட்டும் பேச வேண்டும்.

மாதா மாதம் வங்கி சார்பில் மிஷினோடு ஒரு பெண் வந்து மாரியம்மன் கோயில் திண்ணையில் உட்கார்ந்து பணம் கொடுப்பார். ஆயாவுக்கு ரேகை சுலபத்தில் பதியாது. வாழ்நாள் முழுக்கக் களை பிடுங்கிய, கடலை ஆய்ந்த கை. முந்தானையில் துடைத்து, தேங்காய் எண்ணெய் தொட்டு, ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்ப்பார்கள். அன்றைக்கு என்னவோ முதல் தடவையே பதிந்துவிட்டது. கணக்கில்தான் பணம் இல்லை. “ஆயா, உனக்கு இந்த மாசம் ஏறல” என்றார் அந்தப் பெண். அடுத்த மாதமும் அதே பதில். அவரைக் குறை சொல்ல முடியாது, மிஷின் காட்டியதைத்தான் சொன்னார். ஏன் ஏறவில்லை என்பது அவருக்கும் தெரியாது, ஆயாவுக்கும் தெரியாது, ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

அலைந்து திரிந்து தெரிந்துகொண்ட காரணம் இதுதான். ஆய்வுக்கு ஆள் வந்த சமயத்தில் ஆயா கண்புரை அறுவைக்காக மகள் ஊருக்குப் போயிருந்தார். வீடு பூட்டியிருந்தது. பட்டியலில் ‘ஊரில் இல்லை’ என்று எழுதியாகிவிட்டது. பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கண் தெரிய வேண்டும் என்று போனவர், அரசாங்கத்தின் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டார்.

சரி, தவறு நடப்பதுதான். ஆயிரக்கணக்கான பெயர்களைச் சரிபார்க்கும்போது ஒன்றிரண்டு விட்டுப்போகும். எங்கள் கேள்வி வேறு. நிறுத்துவதற்கு முன் அந்த மனுஷியிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? பணம் வேண்டும் என்று மனுப் போட்டபோது ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், கிராம நிர்வாக அலுவலர் விசாரணை, வருவாய் ஆய்வாளர் விசாரணை என்று எல்லாமே கையெழுத்தும் முத்திரையுமாகத்தான் நடந்தது. நிறுத்தும்போது ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

1200 ரூபாய் என்ன செய்யும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆயா வீட்டில் என்ன செய்தது என்று சொல்கிறேன். ஐந்நூறு ரூபாய் மருமகள் கையில் போகும், வீட்டுச் செலவுக்கு. கடைப் பாக்கிக்கு ஒரு முந்நூறு. வெற்றிலை பாக்கு, தைலம், பேத்திக்கு ஏதாவது தின்பண்டம். நூறு ரூபாயை மட்டும் எதற்கும் தொடமாட்டார், மகளிர் குழுவில் இருக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவைப்பார். அது சாவுச் செலவுக்கு. பாடை கட்டவும் பறை அடிக்கவும் பிள்ளை கடன் வாங்கக் கூடாது என்பது அவர் கணக்கு. எங்கள் பக்கத்துக் கிழவிகள் பலரிடம் இப்படி ஒரு முடிச்சு இருக்கும்.

பணம் நின்றதும் முதலில் மாறியது மளிகைக் கடை. ஆயாவுக்கென்று கடையில் தனி நோட்டு இருந்தது. ஓஏபி வரும் என்ற தைரியத்தில்தான் கடைக்காரர் அதில் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டாவது மாதம், “அடுத்த மாசம் பார்க்கலாம் ஆயா” என்று நோட்டை மூடிவிட்டார். அவரும் முதல் போட்டுக் கடை நடத்துகிறவர்தானே. அப்புறம் வீடு. மருமகள் நல்ல பெண், ஒரு சொல் சொல்லவில்லை. ஆனாலும் ஆயா தானாகவே சோற்றைக் குறைத்துக்கொண்டார். போட வரும்போது கையை மறித்து, “போதும், வயிறு சரியில்லை” என்பார். மாதம் ஐந்நூறு கொடுத்தவரைக்கும் அந்த வயிறு சரியாகத்தான் இருந்தது. பேத்தியைக் கடைக்குக் கூட்டிப்போவதும் நின்றுவிட்டது.

தாலுகா ஆபீசுக்குப் போக அவருக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது. அதற்கு நன்றி. ஆனால் அந்த பஸ் எங்கள் ஊருக்குக் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நடுவில் ஷேர் ஆட்டோதான். ஜெராக்ஸ், போட்டோ, ஆட்டோ, மதியம் ஒரு டீயும் பன்னும், எல்லாம் அந்தச் சாவுச் செலவு முடிச்சிலிருந்துதான் போனது. உயிரோடு, ஊரோடு இருக்கிறேன் என்று உங்களிடம் காட்டுவதற்கு அவர் தன் ஈமச் செலவுப் பணத்தை எடுத்துச் செலவழித்தார். இதற்குமேல் இதை எப்படி மரியாதையாக எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

2022இல் ஹரியாணாவில் நூறு வயது தாண்டிய ஒரு பெரியவரை இறந்துவிட்டதாகப் பதிந்து பணத்தை நிறுத்திவிட்டார்கள். அவர் மாலை போட்டுக்கொண்டு ரதத்தில் ஏறி, மாப்பிள்ளை ஊர்வலம் போல மேளதாளத்தோடு போய்த் தான் உயிரோடு இருப்பதை நிரூபித்தார். நாடே பார்த்துச் சிரித்தது. எங்கள் ஆயாவுக்கு ரதம் பிடிக்கக் கட்டுப்படியாகாது.

இத்தனைக்கும் வீடு தேடிப் போவது நம் அரசாங்கத்துக்குத் தெரியாத வேலை இல்லை. 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் ஆயாவுக்கு பிபி மாத்திரை வாசலுக்கே வருகிறது. 2025இல் தாயுமானவர் திட்டம் வந்த பிறகு வயதானவர்களுக்கு ரேஷன் அரிசியும் வாசலில் இறங்குகிறது. மாத்திரை வருகிறது, அரிசி வருகிறது, ஓட்டு கேட்டும் வருகிறார்கள். ‘உங்கள் பணத்தை நிறுத்தப் போகிறோம், இன்ன காரணம்’ என்ற சேதிக்கு மட்டும் வழி தெரியவில்லை. ஆந்திராவில் 2024 ஜூலையிலிருந்து முதியோருக்கு மாதம் 4000 ரூபாய், அதையும் ஊழியர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து கையில் கொடுக்கிறார்கள். நாங்கள் இப்போது 4000 கேட்கவில்லை. சொல்லிவிட்டு நிறுத்துங்கள் என்றுதான் கேட்கிறோம்.

டெல்லிக்காரர்களையும் விட்டுவைக்க மனசு வரவில்லை. தேசிய முதியோர் ஓய்வூதியத்தில் 80 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒன்றிய அரசின் பங்கு 200 ரூபாய். 2006இல் வைத்த தொகை. அப்போது இங்கே நூறு நாள் வேலைக்கு ஒருநாள் கூலி 80 ரூபாய், அதாவது இரண்டரை நாள் கூலி. 2025இல் அந்தக் கூலி 336 ஆகிவிட்டது, 200 மட்டும் 200ஆகவே இருக்கிறது. இன்றைக்கு அது ஒருநாள் கூலிக்குக்கூடக் காணாது. உயர்த்துங்கள் என்று நாடாளுமன்ற நிலைக்குழு பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டது. மிச்சத்தை மாநில அரசு போடுவதால்தான் 2011இல் 1000 ஆகி, 2023இல் 1200 ஆனது. இதற்கு நடுவில் டிவி விவாதத்தில் ஒருவர், கையில் காசு கொடுத்தால் ஜனங்கள் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்கிறார். எங்கள் ஆயாவுக்கு எழுபத்தெட்டு வயது. இனிமேல் சுறுசுறுப்பாகி அவர் எந்தக் கம்பெனிக்கு வேலைக்குப் போக வேண்டும் என்பதையும் அந்த டிவிக்காரரே சொல்லிவிட்டால் நல்லது.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன்.

1962இல், மாதம் 20 ரூபாயில், இந்தத் தொகையைத் தொடங்கிய மாநிலம் இது. மணியார்டர் காலத்தில் தபால்காரர் பத்து ரூபாய் பிடித்துக்கொண்டு கொடுத்தார் என்று கிழவிகள் இன்றைக்கும் திட்டுவார்கள். ஆனால் பணம் வரவில்லை என்றால் சட்டையைப் பிடித்துக் கேட்க அவராவது இருந்தார். இந்தத் தொகை மாதம் 7ஆம் தேதிக்குள் போய்ச்சேர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001இலேயே உத்தரவு போட்டிருக்கிறது. ஆனாலும் பணம் வராவிட்டால் இப்போது மிஷினிடம் போய் யார் என்ன கேட்பது?

ஆகவே ஐயா, அம்மா, பணிவோடு கேட்கிறோம். தகுதி இல்லாதவர்களை நீக்குங்கள், நாங்கள் தடுக்கவில்லை. இரண்டு மாடி வீட்டில் இருந்துகொண்டு ஓஏபி வாங்குபவர் யார் என்று உங்களைவிட எங்களுக்கு நன்றாகத் தெரியும். நிறுத்துவதற்கு ஒரு மாதம் முன்னால் காரணம் எழுதிய ஒரு தாளைத் தமிழில் அவர் கையில் கொடுங்கள். படிக்கத் தெரியாதவர்தான் அதிகம், அதனால் வாசித்தும் காட்டச் சொல்லுங்கள். வீடு பூட்டியிருந்தால் ரேஷன் கடையில் ஒட்டுங்கள், கிராம சபையில் பெயரைப் படியுங்கள். உங்கள் பக்கம்தான் தவறு என்று தெரிந்தால், நின்றுபோன மாதங்களுக்கும் சேர்த்துக் கொடுங்கள். ‘இந்த மாசத்திலிருந்து ஏறும், பழசு போனது போனதுதான்’ என்று சொல்லி அனுப்பாதீர்கள். கடைக்காரர் பழைய பாக்கியைத் தள்ளிவிடப் போவதில்லை.

அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபை இருக்கிறது. அதற்குள் எங்கள் ஊரில் இந்த வருடம் யார் யாருக்கு, எதனால் நிறுத்தப்பட்டது என்ற பட்டியலை அனுப்பிவைத்தால் சபையிலேயே சரிபார்த்துச் சொல்லிவிடுகிறோம். ஆயாவின் பெயரும் கணக்கு எண்ணும் ஏற்கெனவே கொடுத்த மனுவில் இருக்கின்றன, இங்கே எழுதவில்லை. மனு ரசீது பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஊரில் மனு எழுதிக் கொடுப்பவன்