டிசிக்கு மாற்றியதும் ஆர்பிஎம் முள் ஏன் படுத்துவிடுகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய ஸ்கூட்டரின் ஏசி மின்சாரத்தை முழுக்க பேட்டரி டிசிக்கு மாற்றுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை அருமை. ஹெட்லைட், ஹாரன், இண்டிகேட்டர் எல்லாம் படிப்படியாக இருந்தன. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் எலெக்ட்ரானிக் ஆர்பிஎம் மீட்டரை மட்டும் ஒரே வரியில் கடந்துவிட்டார்கள். எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது அந்த மீட்டர்தான்.

அதில் மூன்று ஒயர்கள். ஒன்று சாவி போட்டால் 12 வோல்ட் வரும் ஒயர், ஒன்று எர்த், மூன்றாவது சிக்னல். முதல் இரண்டும் மீட்டருக்கு உயிர் கொடுப்பவை. எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதைச் சொல்வது மூன்றாவதுதான். அதில் விட்டுவிட்டு வரும் துடிப்பு இருந்தாக வேண்டும். மின்சாரம் திசை மாறி மாறி வரும் ஏசியாக இருந்தவரை விளக்கு ஒயரிலேயே அந்தத் துடிப்பு கிடைத்தது. டிசிக்கு மாற்றியதும், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரும் பேட்டரியும் அதைச் சமன்படுத்திவிட்டன. நானோ சிக்னல் ஒயரைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு, மீட்டர் கெட்டுப்போனது என்று நினைத்து இன்னொன்று வாங்கினேன். அதுவும் அசையவில்லை.

சரி, துடிப்பு எங்கே மிச்சம் இருக்கிறது? மின்சாரத்தை உண்டாக்கும் காயிலிலிருந்து, வோல்டேஜை அளவோடு வைக்கும் ரெகுலேட்டருக்குள் போகும் ஒயரில் இருக்கிறது. ஆனால் எஞ்சினோடு சுற்றும் காந்தமான மேக்னெட்டில் 12 துருவம் இருந்தால் ஒரு சுற்றுக்கு 6 அலைகள் வரும், 6 துருவம் என்றால் 3. மீட்டரை அதற்கேற்ப அமைக்காமல் சுற்றுக்கு ஒரு துடிப்பு என்றே விட்டால், 12 துருவத்தில் 1,500இல் ஓடும் எஞ்சினுக்கு 9,000 காட்டும். ஹெர்ட்ஸ் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் சரிபார்ப்பது சுலபம்: 12 துருவ மேக்னெட்டில் 150 ஹெர்ட்ஸை 10ஆல் பெருக்கினால் 1,500.

இதன் பிறகும் எனக்கு ஒரு தொல்லை இருந்தது. ஆக்ஸிலரேட்டர் திருகாமல் எஞ்சின் மெதுவாக ஓடும் ஐடிலில் ஒழுங்காக நின்ற முள், பேட்டரி நிறைந்து வேகமும் கூடினால் துள்ளியது. என் ரெகுலேட்டர், மிஞ்சும் மின்சாரத்தைக் காயிலையே ஷார்ட் செய்து அடக்கும் வகை. அப்போது அலையும் சிதைந்துவிடுகிறது. அதனால் சிக்னலை இக்னிஷன் பக்கம் மாற்றினேன். காப்பிட்ட சிக்னல் ஒயரை ஸ்பார்க் பிளக் ஒயரின் மேல் நான்கைந்து சுற்று சுற்றியதோடு சரி, நேரடி இணைப்பு கிடையாது. இப்படிச் சிக்னல் எடுக்கலாம் என்று மீட்டரோடு வந்த தாளில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிளக்கில் பொறி விழ வைக்கும் சிடிஐ பெட்டியிலிருந்து இக்னிஷன் காயிலுக்குப் போகும் ஒயரில் நேராகக் கொடுத்துவிடாதீர்கள். அதில் நூற்றுக்கணக்கான வோல்ட் பாய்கிறது, அதற்கென்று செய்யாத மீட்டர் எரிந்துவிடும். அப்புறம், 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் உள்ள பிளக் கேப் போட்டதும் மிச்சமிருந்த நடுக்கமும் போனது. என்னுடையது ஒற்றை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக், ஆகவே சுற்றுக்கு ஒரு துடிப்பு.

அடுத்த முறை இந்த விஷயத்தை எழுதும்போது, சிக்னல் ஒயரைத் தனி நிறத்தில் காட்டும் ஒரு ஒயரிங் படத்தையும் சேர்த்து வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு நெடுநாள் வாசகர்