ஒரே வரியில் அடங்காத நடிகர்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் சுவிஸ் நடிகர் புரூனோ கான்ஸை 'ஹிட்லராக நடித்தவர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். மனசு கேட்கவில்லை. 1941இல் சூரிச்சில் பிறந்த தொழிலாளி வீட்டுப் பிள்ளை அவர். பெர்லின் நாடக மேடையில் வளர்ந்தவர். 1987இல் 'விங்ஸ் ஆஃப் டிசையர்' படத்தில், மனிதனாக ஏங்கும் தேவதூதனாக வந்தார்.

அவர் ஹிட்லராக நடித்து 2004இல் வந்த 'டவுன்ஃபால்' படத்திலும் கத்தும் காட்சியை மட்டுமே ஊர் பகிர்கிறது. சிறுவர்களுக்குப் பதக்கம் குத்தும்போது முதுகுக்குப் பின்னால் நடுங்கும் அந்தக் கையைப் பாருங்கள்! அந்த நடுக்கத்துக்காகவே மருத்துவமனைக்குப் போய், கைநடுக்கம் தரும் பார்க்கின்சன் நோய் கண்டவர்களைக் கவனித்தவர். 2015இல் வந்த 'ஹைடி' படத்தில் சிறுமி ஹைடியின் தாத்தாவாக வந்தவரும் அவரே. 2019 பிப்ரவரியில் மறைந்தார். அவரைப் பற்றி முழுப் பக்கக் கட்டுரை ஒன்று வெளியிட வேண்டுகிறேன்.

– நெடுநாள் வாசகர்