கிலோக் கணக்கை எடுத்துவிடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய திட்ட அறிக்கையை அச்செடுத்து, சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்து படித்தேன். வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிற விஷயமில்லை என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

மெல்பர்ன் வேலையை விட்டுவிட்டு, தோழிகள் இருவரோடு சேர்ந்து இங்கே சிங்கப்பூரில் நிலைத்தன்மை ஆலோசனை நிறுவனம், அதாவது சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் தொழில் செய்ய யோசனை சொல்கிற நிறுவனம், தொடங்கப் போகிறேன் என்கிறாய். முதல் வேலை, தோ பாயோவில் மூத்தோர் பராமரிப்பு நிலையம் ஒன்றின் மொட்டைமாடியில் தோட்டம். வேலையை விடலாமா கூடாதா என்பதை உன் அம்மாவிடம் பேசிக்கொள். அந்த வழக்கில் நான் சாட்சிக்குக்கூட வரமாட்டேன். தோட்டத்தைப் பற்றிப் பேச மட்டும் எனக்கு உரிமை உண்டு. ஓய்வு பெற்ற பிறகு நான் பகுதி நேரமாக மண் கிளறுவதும் உன்னுடையதைப் போன்ற ஒரு குட்டி நிறுவனத்தில்தான்.

நான்காம் பக்கத்தில் 'ஆண்டுக்கு 400 கிலோ கீரை' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறாய். அதை எடுத்துவிடு. பெருக்கல் சரியாகத்தான் இருக்கிறது: 40 சதுர மீட்டர் பாத்தி, ஆண்டுக்கு ஆறு போகம், போகத்துக்குச் சதுர மீட்டருக்கு ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் விதைத்ததெல்லாம் முளைத்து, முளைத்ததெல்லாம் நத்தைக்கும் மாவுப்பூச்சிக்கும் தப்பி, ஒரு போகம்கூட மழையில் அழுகாமல் இருந்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும். தாளில் விளைகிற கீரை அது. முதல் ஆண்டு முடிவில் நிலையத்தின் நிர்வாகி தராசோடு வந்து நிற்பார். அப்போது உங்கள் மூவரிடமும் பதில் இருக்காது.

உன் அட்டவணை மெல்பர்ன் வெயிலை வைத்துப் போட்டது போலவும் தெரிகிறது. அங்கே கோடையில் பகல் நீளும், குளிர்காலம் வந்து பூச்சிகளுக்கு விடுமுறை கொடுக்கும். இங்கே ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான்; பூச்சிக்கு விடுமுறையே கிடையாது. ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை, அதுவும் பொழுது சாயும் நேரத்தில் வாளியைக் கவிழ்த்தது போல. பக்கத்தில் நாற்பது மாடி புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) இருந்தால் உன் மொட்டைமாடிக்கு வெயில் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்பதை அந்தப் புளோக்தான் முடிவு செய்யும். அறிக்கையில் நிழலைப் பற்றி ஒரு வரியைக்கூடக் காணோம்.

கிலோக் கணக்கில் நாடே கையைச் சுட்டுக்கொண்டது உனக்குத் தெரியாததல்ல. 2030க்குள் நம் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே விளைவிப்போம் என்று 2019ல் அறிவித்தார்கள். 2025 நவம்பரில் அந்த இலக்கை மாற்றி, 2035க்குள் காய்கறி போன்ற நார்ச்சத்து உணவில் 20 விழுக்காடு, முட்டை, மீன் போன்ற புரத உணவில் 30 விழுக்காடு என்று புதிதாக வைத்தார்கள். பெரிய முதலீடும் விளக்கொளியும் குளிர்சாதனமும் வைத்துக்கொண்டு செய்கிற பண்ணைகளுக்கே மின்கட்டணமும் மலிவான இறக்குமதிக் கீரையும் மூச்சு முட்டவைக்கின்றன. சாப்பாட்டில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிற ஊரில், மூத்தோர் நிலையத்து மாடிப் பாத்தியை உணவுப் பாதுகாப்பு என்று பேசுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்கு விடுகிற பாத்திகளையே எடுத்துக்கொள். இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். திட்டம் தொடங்கியபோது ஆண்டு வாடகை 57 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இருபது சென்டிமீட்டர் இடைவெளியில் கைலான் கீரை நட்டால் அறுபது செடி பிடிக்கும். எல்லாம் நன்றாக வந்தால் நான்கைந்து கிலோ தேறலாம். உரமும் விதையும் பஸ் கட்டணமும் போட்டுப் பார்த்தால் ஈரச்சந்தையில் வாங்குவதுதான் லாபம். அப்படியும் அந்தப் பாத்திகளுக்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள். கீரைக்காக மட்டும் யாரும் அப்படிக் காத்திருக்கமாட்டார்கள்.

பின் எதற்காக வருகிறார்கள்? இந்த இடத்தில்தான், நீ ஒன்பதாம் பக்கத்தில் 'துணை நடவடிக்கைகள்' என்று ஓரமாகத் தள்ளிவைத்திருக்கும் கைவேலைகளை முன்னால் கொண்டுவரச் சொல்கிறேன்.

சென்ற தீபாவளிக்கு முன்னால் மூத்தோர் நிலையம் ஒன்றில் சாயமேற்றும் பட்டறை நடத்தினோம். தேக்காவில் ஒரு பிரியாணிக் கடைக்காரர் வெங்காயச் சருகை மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார். "இதையும் விற்கப் போகிறீர்களா?" என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கொடுத்தார். சருகைப் பெரிய பானையில் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டினால் கடுந்தேநீர் நிறத்தில் சாயம் இறங்குகிறது. பருத்திக் கைக்குட்டைகளை முன்கூட்டியே படிகாரத் தண்ணீரில் ஊறவைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிறம் நூலைப் பிடிக்காமல் துவைக்கத் துவைக்க ஓடிவிடும். கீரைக்கட்டில் வருகிற ரப்பர் வளையத்தால் துணியை அங்கங்கே முடிந்து முக்கி எடுத்தால், முடிந்த இடம் வெள்ளை வட்டமாகவும் மற்றதெல்லாம் பொன்னிறமாகவும் வரும். அதே துணியைத் துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீரில் தோய்த்தால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொன் மங்கிப் பாசிப்பச்சையாகிறது. அந்த நேரத்தில் மேசையைச் சுற்றி நின்றவர்கள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மாண்டரின், மலாய், தமிழ் எல்லாம் ஒரே நேரத்தில் கேட்டது. ஒருவர் பேசியது மற்றவருக்குப் புரிந்ததா என்பதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

அங்கே ஒரு பாட்டி இருக்கிறார். தோட்டம் என்றாலே, "மார்க்கெட்டில் கிடைக்கிற கீரைக்கு நான் ஏன் தம்பி முதுகை ஒடித்துக்கொள்ள வேண்டும்?" என்பார். நியாயமான கேள்வி, நான் பதில் சொல்ல முயன்றதே இல்லை. அன்று கைக்குட்டையை உதறி விரித்துப் பார்த்துவிட்டு, "செண்டுப்பூவில் என்ன நிறம் வரும்?" என்று கேட்டார். மஞ்சள் வரும் என்றேன். அடுத்த வாரமே இரண்டு தொட்டி செண்டுப்பூ நட்டாயிற்று. பூவில் பாதி சாயத்துக்கு, பாதி சாமி படத்துக்கு. காலையில் தம் பூவைப் பார்க்க வருகிறவர், வந்த கையோடு பக்கத்துப் பாத்தியில் இருக்கும் சீனத் தாத்தாவின் கங்கோங் கீரைக்கும் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறார். தாத்தா பதிலுக்கு அவருடைய தொட்டியில் நத்தை பொறுக்குகிறார். எந்தத் திட்ட அறிக்கையிலும் இந்த ஏற்பாடு இல்லை. ஆனால் அந்தத் தோட்டம் இன்னும் உயிரோடு இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கலைப் பட்டறை என்பது படம் எடுத்துப் போட்டுக்கொள்வதற்கான அலங்காரம் என்று உன் தோழி ஒருத்தி சொன்னதாக எழுதியிருந்தாய். படம் நன்றாக விழும், மறுக்கவில்லை. ஆனால் நடமாட முடியாதவர், மண் ஆகாதவர், செடி என்றாலே சலித்துக்கொள்பவர் ஆகிய எல்லோருக்கும் ஒரு வாசல் வேண்டும். பழைய விளம்பரப் பதாகையைத் தைத்துச் செடிப்பை செய்வது, சங்குப்பூ நீரில் எலுமிச்சை பிழிந்து நீலம் ஊதாவாவதைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவது எல்லாம் அந்த வாசல்கள்.

இனி, எனக்குக் கோபம் வருகிற பகுதி. ஏழாம் பக்கத்தில் பராமரிப்பு என்று ஒரு தலைப்பு, அதன் எதிரே 'நிலைய ஊழியர்கள்' என்று இரண்டே சொல். தொகை இல்லை. பெண்ணுக்கு மண்டபம் பிடித்து ஊரைக் கூட்டிக் கல்யாணம் செய்துவிட்டு, குடித்தனத்துக்கு ஒரு பானைகூட வாங்காமல் அனுப்புவது போல இருக்கிறது இது. பெயர் வேண்டாம், ஓர் அலுவலகக் கட்டடத்தின் மாடியில் நாங்கள் போட்டுக் கொடுத்த தோட்டத்துக்கு இதுதான் நடந்தது. திறப்பு விழாவில் எல்லோரும் கையுறை மாட்டிக்கொண்டு நாற்று நட்டார்கள். தண்ணீர்க் குழாயில் மாட்டியிருந்த நேரக்கருவிக்குள் இருப்பது இரண்டு சாதாரண பேட்டரி. அது தீர்ந்தபோது மாற்றுவது யார் வேலை என்று யாருக்கும் தெரியவில்லை. எங்களைக் கூப்பிட்டபோது மண் பாளமாக வெடித்திருந்தது.

இந்த ஊரைப் பச்சையாக்கியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. 1963 ஜூன் 16ல் அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ ஃபேரர் சர்க்கஸ் என்ற சாலைச் சந்திப்பில் மெம்பாட் மரம் நட்ட படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். அந்தப் படத்தோடு அவர்கள் நிற்கவில்லை. மரங்களைப் பார்த்துக்கொள்ளத் தனிப் பிரிவு வந்தது, 1975ல் பூங்காக்கள், மரங்கள் சட்டம் வந்தது, காலை வெயிலுக்கு முன்னால் தண்ணீர் லாரியோடு கிளம்ப எங்களைப் போன்ற ஆட்களும் வந்தோம். ஊருக்கு வந்ததும் யீஷூனில் கூ டெக் புவாட் மருத்துவமனையின் மாடித் தோட்டத்தைப் போய்ப் பார். தொண்டூழியர்கள் கை படுகிற தோட்டம் அது. செடியைப் பார்த்தது போதும் என்று தோன்றியதும், யார் எந்தக் கிழமை வருகிறார்கள் என்ற பட்டியலை விசாரி.

ஆகவே குறைந்தது ஓராண்டுப் பராமரிப்பைத் தொகையோடு ஒப்பந்தத்தில் எழுது. வாரம் ஒரு முறை உங்களில் ஒருவர் போக வேண்டும், அந்த நேரத்துக்கும் கூலி போடு. வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும், பாத்தியில் இரண்டைக் குறைத்துக்கொள்ளச் சொல், பராமரிப்பில் கை வைக்கவிடாதே.

இன்னும் சில சிவப்புக் கோடுகள். மண்ணின் எடை: நனைந்த மண் ஒரு கன மீட்டர் ஒன்றரை டன்னைத் தாண்டும். முப்பது சென்டிமீட்டர் ஆழம் என்று எழுதியிருக்கிறாய், அப்படியானால் சதுர மீட்டருக்கு அரை டன்னை நெருங்கிவிடுவாய். தென்னைநார்த் தூளும் பெர்லைட் என்கிற இலேசான கல்துகளும் கலந்து எடையைக் குறை. அதற்குப் பிறகும் கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்து இல்லாமல் ஒரு மூட்டையைக்கூட மாடிக்கு ஏற்றாதே. கொசு: மூத்தோர் இருக்கிற இடம், டெங்கி வந்தால் தாங்கமாட்டார்கள். தொட்டிக்கடியில் தட்டே வேண்டாம். இறுகிப்போன மேல்மண்ணைக் கிளறிவிடுவதையும் வேலைப் பட்டியலில் சேர், ஏனென்றால் அந்த இறுகிய மண்ணின் மேல் தேங்குகிற கொஞ்சம் தண்ணீரே டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். பாத்தியின் உயரம் சக்கர நாற்காலி அடியில் நுழைகிற மாதிரி இருக்கட்டும்.

பணத்தைப் பற்றி நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் அலுவலகத்துக்கு வாடகை கட்டுவது தோட்டமில்லை. காற்றில் விடுகிற கரிம வாயுவுக்குப் போடும் கரிம வரி 2019ல் டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கி, 2024ல் 25, 2026ல் 45 என்று ஏறியிருக்கிறது. அது நேரடியாகப் பெரிய ஆலைகளுக்குத்தான். ஆனால் பங்குச் சந்தையில் இருக்கிற நிறுவனங்கள் பருவநிலை அறிக்கை கொடுக்க வேண்டியிருப்பதால், தங்களுக்குப் பொருள் தருகிற சின்ன நிறுவனங்களையும் கரிமக் கணக்குக் கேட்கின்றன. அந்தச் சின்ன நிறுவனங்கள் எங்களிடம் வருகின்றன. மின்சார ரசீதைக் கூட்டிக் கழிக்கிற அந்த வேலை உனக்கு நன்றாக வரும். அதை இரண்டாம்பட்சமாக நினைக்காதே.

திருத்திய அறிக்கையை அனுப்பு. அதற்குள் நானே தோ பாயோவுக்குப் போய், காலை எட்டு மணிக்கும் நண்பகலிலும் மாலை நான்கு மணிக்கும் அந்த மாடியில் நிழல் எங்கே விழுகிறது என்று படம் எடுத்து அனுப்புகிறேன். நிர்வாகியிடம் நான் வருவதைச் சொல்லிவை. இல்லாவிட்டால் காவலாளி மேலே விடமாட்டார். அம்மா, டிசம்பருக்கு டிக்கெட் போட்டுவிட்டாயா என்று கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா