நம் ரயிலடிக் கோயில்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

முனீஸ்வரர் அருளாலும் உங்கள் கைங்கரியத்தாலும், மலேசியாவில் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் நம் பிறை ரயிலடிக் கோயிலின் திருப்பணி நல்லபடியாக முடிந்தது. குடமுழுக்கும் மண்டலாபிஷேகமும் நிறைவேறிவிட்டன. தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கைத் தனியாக இணைத்திருக்கிறோம். கடன் பாக்கி இல்லை. கூரை, விமானச் சுதை, வர்ணம் எல்லாம் நீங்கள் நேரில் பார்த்தவைதான்.

முன்மண்டபத்தை ஏன் இடித்துக் கட்டவில்லை என்று பலர் கேட்டீர்கள். அதன் தூண்கள் ரயில்வே கழித்துப்போட்ட தண்டவாளங்கள். உத்திரங்கள் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த, செங்கால் என்ற உறுதியான மரத்தாலான ஸ்லீப்பர் கட்டைகள். தண்டவாள வேலை பார்த்த நம் பாட்டன்மார் தோளில் சுமந்துவந்து நிறுத்தியவை. பழைய வர்ணத்தைச் சுரண்டியதும் கட்டைகளில் ஆணி இறங்கிய துளைகள் வரிசையாகத் தெரிந்தன. அவற்றை அடைக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். மழைத்தண்ணீர் இறங்கி உளுத்த முனைகளை மட்டும் வெட்டி ஒட்டுப்போட்டு, எண்ணெய் பூசியிருக்கிறோம். இடித்துக் கட்டுவது சுலபமாக இருந்திருக்கும். ஆனால் ரயிலடியின் அடையாளமாக நம் கையில் மிஞ்சியிருப்பது இந்த மண்டபம்தான்.

பிறை ரயிலடி லேசுப்பட்ட இடமல்ல. 1909-இல் தென்கோடியிலுள்ள ஜொகூர் பாரு வரை ரயில் பாதை முடிந்தபோது அதன் வடக்கு முனை இதுதான். பினாங்குத் தீவில் மணிக்கூண்டோடு நிற்கும் ரயில்வே கட்டடத்தில் தண்டவாளமே கிடையாது. அங்கே டிக்கெட் எடுத்து, ஃபெரியில் கடல் தாண்டி, பிறைக்கு வந்துதான் ரயில் ஏறினார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் இறங்கிய நம் சனங்களில் பலர் தோட்டங்களுக்குப் போனதும் இந்த வழியாகத்தான். அப்புறம் இரண்டாம் உலகப்போரில் ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலம். சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு மரண ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை ரயிலேற்றினார்கள். திரும்பி வராதவர்கள் ஏராளம். 1967-இல் பட்டர்வொர்த் நிலையம் திறந்ததும் பயணிகள் கூட்டம் அங்கே போய்விட்டது. ரயில்வே லைன் வீடுகளிலிருந்தும் ஒவ்வொரு குடும்பமாக வெளியேறியது.

இந்த வரலாற்றைக் கருங்கல்லில் பொறித்து மண்டபச் சுவரில் பதித்திருக்கிறோம். நம் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதால் எழுத்து பெரிதாக, அவர்கள் கண்மட்டத்தில் இருக்கிறது. சயாமுக்குப் போனவர்களுக்காக ஆடி அமாவாசைதோறும் மோட்ச தீபம் ஏற்றுவதென்றும் செயலவை தீர்மானித்துள்ளது.

உங்கள் குடும்பத்தில் யாராவது சயாமுக்குப் போயிருந்தால் பெயரையும் அவர் இருந்த தோட்டத்தின் பெயரையும் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். கல்லில் இடம் விட்டிருக்கிறோம். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குள் கிடைத்தால் ஒரே தடவையில் பொறித்துவிடலாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்