பளிங்கும் கண்ணாடியும் ஓராண்டில் மங்குவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தை பிறந்தால் கிரகப்பிரவேசங்கள் வரிசைகட்டும். அதையொட்டி நாளிதழ் இணைப்புகளில் அரண்மனை போன்ற வரவேற்பறைகளின் படங்களும் வரும். இத்தாலியன் மார்பிள் தரை, சரவிளக்கு, பொன்னிறச் சட்டமிட்ட ஆளுயரக் கண்ணாடி. அப்படியொரு வீட்டுக்கு ஆசைப்படுவதில் தவறே இல்லை. அந்தப் படங்களோடு, கல்லுக்கு அடியிலும் கண்ணாடிக்குப் பின்னாலும் என்ன இருக்க வேண்டும் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள் என்று கேட்கவே இக்கடிதம். பல லட்சம் கொட்டிய வீடு முதல் ஆண்டிலேயே மங்கிப்போனால் கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். முகூர்த்தத்துக்குள் முடித்தாக வேண்டும் என்ற அவசரம் அதற்குத் துணைபோகும்.

முதலில் தரை. இறக்குமதி மார்பிள் பலகைகள் பெரும்பாலும் 16 முதல் 18 மில்லிமீட்டர் கனத்தில், உடையாமலிருக்க முதுகில் வலை ஒட்டி, பிசின் பூசி வருகின்றன. அந்தப் பிசின் மேல் சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) சரியாகப் பிடிக்காது. அதற்கென உள்ள பசையைப் பயன்படுத்தாமல் வழக்கமான முறையில் பதித்தால் ஆங்காங்கே அடியில் வெற்றிடம் நிற்கும். ஒரு நாணயத்தால் கல்லைத் தட்டிப் பாருங்கள். ‘டொக்கு’ச் சத்தம் வரும் இடம் நாளை கனமான சோபாவின் கால் பட்டால் விரிசல் விடும். வெள்ளைக் கல்லுக்கு அடியில் சாதாரண சிமெண்ட் பால் ஊற்றினால் சாம்பல் நிறம் மேலே ஊறித் தெரியும். அங்கே வெள்ளை சிமெண்டோ, மார்பிளுக்கான வெள்ளைப் பசையோதான் வேண்டும்.

பதித்த பிறகு காயவிடுவதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். குறைந்தது மூன்று, நான்கு வாரமாவது விட்டுத்தான் பாலிஷ் போட வேண்டும். ஈரம் போய்விட்டதா என்று அறிய எளிய வழி உண்டு. ஒன்றரை அடிச் சதுரத்தில் பாலிதீன் தாளை வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, 16 மணி நேரம் விடுங்கள். பிரிக்கும்போது உள்ளே நீர்த்துளியோ, கல்லில் கருமையோ தெரிந்தால் இன்னும் காயவில்லை. அந்த நிலையில் பாலிஷ் போட்டு, மேலே சீலரும் (கறை ஊறாமல் தடுக்கும் பூச்சு) அடித்துவிட்டால் ஈரம் உள்ளேயே அடைபடும். சில வெள்ளைக் கற்களில் இயல்பாகவே உள்ள இரும்புச் சத்து அந்த ஈரத்தில் துருவாகிக் கல் மஞ்சளடிக்கும். மேலே எவ்வளவு தேய்த்தாலும் அந்த மஞ்சள் போகாது. பாலிஷ் முடிந்த தரையில் மற்ற வேலைகள் நடக்கும்போது அட்டைப்பெட்டியைப் பிரித்து விரிப்பதும் ஆபத்து. நனைந்தால் அட்டையின் சாயம் கல்லில் இறங்கும்.

அடுத்தது, விழா நாளே. ஹோமகுண்டத்தை நேராக மார்பிள் மேல் வைக்கக் கூடாது. தகரத் தட்டு, அதன் மேல் மணல், அதன் மேல் இரண்டு வரிசைச் செங்கல், பிறகுதான் குண்டம். சூடு நேராக ஏறினால் கல் வெடிக்கலாம், அடியிலுள்ள பசையும் விட்டுப்போகலாம். நெய்யும் விளக்கெண்ணெயும் கல்லுக்குள் ஊறிக் கரும்புள்ளியாக நிற்கும் என்பதால் குத்துவிளக்கின் அடியில் அகலமான பித்தளைத் தாம்பாளம் இருக்கட்டும். எண்ணெய் சிந்திவிட்டால் சோடா மாவைக் குழைத்துக் கெட்டியாக அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் வைத்தால் பெருமளவு உறிஞ்சிவிடும். மஞ்சள்தூள் கறை வெயில் படும் இடமாக இருந்தால் தானே வெளுக்கும். எலுமிச்சை, புளி, தயிர் பட்ட இடத்தில் தெரியும் மங்கல் வேறு வகை. அமிலம் கல்லையே அரித்த தழும்பு அது. சீலர் இதைத் தடுக்காது, திரும்பப் பாலிஷ் போட்டால்தான் சரியாகும். ஆகவே சமையல் மேடைக்கு மார்பிள் வேண்டவே வேண்டாம். அங்கே கிரானைட்டுக்கு இணை இல்லை. பாத்ரூம் கழுவும் ஆசிட் மார்பிள் தரைப் பக்கமே வரக் கூடாது. செட்டிநாட்டு வீடுகளின் பூவேலைத் தரைக்கல்லான ஆத்தங்குடிக் கல்லும் இதே கட்சிதான். அது சூளையில் சுட்டதல்ல, கண்ணாடி மேல் வண்ண சிமெண்ட் ஊற்றி வார்த்துத் தண்ணீரில் ஊறவைத்தது. நடக்க நடக்க மெருகேறும் அந்தத் தரையை ஆசிட் ஊற்றிக் கெடுத்தால் பூவேலையின் நிறமே போய்விடும்.

இனி விளக்கு. சரவிளக்கின் அளவுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. அறையின் நீள அகலத்தை அடியில் கூட்டினால் வரும் எண்தான் விளக்கின் விட்டம், அங்குலத்தில். 12க்கு 16 அடி அறைக்கு 28 அங்குலம். ஆள் நடக்கும் இடத்தில் விளக்கின் அடிப்பாகம் தரையிலிருந்து 7 அடிக்குக் கீழே இறங்கக் கூடாது. சாப்பாட்டு மேசைக்கு மேலே என்றால் மேசையிலிருந்து 30 முதல் 36 அங்குல உயரம் அழகு. நம் அடுக்ககங்களில் ஃபால்ஸ் சீலிங் போட்டபின் எஞ்சுவது 9 அடி. அதில் 3 அடி நீளச் சரவிளக்கு தொங்கினால் தலையில்தான் இடிக்கும். கூரையோடு ஒட்டிய வகையே அங்கே பொருந்தும். எந்த விளக்காக இருந்தாலும் எடையைத் தாங்க வேண்டியது கான்கிரீட் தளம். ஃபால்ஸ் சீலிங்கின் ஜிப்சம் பலகையில் திருகி மாட்டும் வேலையை எந்தக் காரணத்துக்காகவும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மின்விசிறியின் இறக்கைக்கு நேர் மேலே விளக்கு வந்தால் வெளிச்சம் வெட்டி வெட்டி விழும், தலைவலிதான் மிச்சம். 48 அங்குல விசிறி என்றால் நடுவிலிருந்து இரண்டடிக்கு அப்பால்தான் விளக்குகள் இருக்க வேண்டும்.

சீலிங் ஓரத்து மறைவிளக்குக்கு 12 வோல்ட் எல்.இ.டி. பட்டையை 5 மீட்டருக்கு மேல் ஒரே பக்கத்தில் மின்சாரம் கொடுத்து இழுத்தால் கடைசியில் மங்கும். 24 வோல்ட் வாங்குங்கள், அல்லது இரண்டு முனையிலும் கொடுங்கள். மீட்டருக்கு 14.4 வாட் பட்டை 10 மீட்டர் என்றால் 144 வாட். அதற்கு 180 வாட் டிரைவர் (பட்டைக்கேற்ற மின்சாரத்தைத் தரும் பெட்டி) போட்டால் சூடேறாமல் உழைக்கும். டிரைவரை எட்டி எடுக்க ஒரு சிறு கதவு விடாமல் சீலிங்கை மூடிவிட்டு, பழுதானபின் பலகையை அறுக்கும் வீடுகள் ஏராளம். பட்டையை அலுமினியச் சட்டத்துக்குள் வைத்துப் பால்நிற மூடி போடாவிட்டால் பளபளக்கும் தரையில் புள்ளிபுள்ளியாகப் பிரதிபலிக்கும். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகால் குறிப்பார்கள்; எண் குறைந்தால் மஞ்சள் சாயல், கூடினால் நீல வெள்ளை. அது எல்லா அறையிலும் 3000 கெல்வின் ஆகவே இருக்கட்டும். 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சத்தில் பொன்னிறம் சோகை பிடித்தாற்போல் தெரியும். இன்னொன்று: மேலிருந்து சுவரை வழித்து இறங்கும் வெளிச்சம், சுவரின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். பெயிண்டுக்கு முன் சுவரைச் சமன்செய்யும் பட்டி பூசி முடித்த இரவில், டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் படுக்கவைத்து அடித்துப் பார்த்துவிட்டுப் பெயிண்டரை அனுப்புங்கள்.

கண்ணாடி ஓரம் கறுப்பதற்குப் பழி வழக்கமாகக் கண்ணாடிக் கடைக்காரருக்குப் போகிறது. பல சமயம் குற்றவாளி பசை. வினிகர் வாடை வீசும் சிலிக்கான், கண்ணாடி முதுகிலுள்ள வெள்ளிப் பூச்சை அரித்துவிடும். வாடையில்லாத ‘நியூட்ரல்’ வகையைக் கேட்டு வாங்கி, பொட்டுப் பொட்டாகவோ செங்குத்துக் கோடுகளாகவோ வைத்து, பின்னால் 3 மில்லிமீட்டர் காற்றோட்டம் விட வேண்டும். புதிதாகப் பூசிய ஈரச் சுவரில் ஒட்டவே கூடாது.

பொன்னிறப் பொருள்களில் ஏமாற்றம் அதிகம். கோல்டு பெயிண்டில் இருப்பது பெரும்பாலும் செம்பு, துத்தநாகக் கலவைத் தூள். மேலே வார்னிஷ் இல்லாவிட்டால் நாளடைவில் கறுக்கும். மலிவுத் தங்கத்தாளும் அதே உலோகம்தான். கடலோர ஊர்களில் இரும்பின் மேல் முலாம் பூசிய கைப்பிடிகள் உப்புக்காற்றில் துருவேறும். அங்கே 316 தர எவர்சில்வரின் மேல் பி.வி.டி. முறையில் (வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கும் பூச்சு) நிறமேற்றியதை வாங்கலாம். அதையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டுமே தவிர, புளி போட்டு விளக்கக் கூடாது.

அடுத்த இணைப்பில் வரவேற்பறைப் படம் போடும்போது கல்லின் கனம், பசையின் வகை, விளக்கின் கெல்வின், காயவிட்ட நாள் இந்த நான்கையும் படத்துக்குக் கீழே ஒரு வரியில் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உள்அலங்காரத் தொழிலில் உள்ள வாசகர்கள்,
சென்னை.