சூடானின் மக்கள் குழுக்களைப் பற்றியும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சூடானின் எல் ஃபாஷர் நகரம் ஆர்.எஸ்.எஃப். துணைப்படையிடம் வீழ்ந்தது குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அந்நாட்டைப் பற்றித் தமிழில் எழுதப்படுவதே அரிது என்பதால் முதலில் என் நன்றி. ஆயினும், இனக்குழுக்களின் தீராப் பகை என்றும், ராணுவத் தலைவர் அல்-புர்ஹான், ஆர்.எஸ்.எஃப். தலைவர் ஹெமெட்டி ஆகிய இரு தளபதிகளின் பதவிச் சண்டை என்றும் மட்டுமே அக்கட்டுரை இப்போரை விளக்கியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அந்த விளக்கத்தில் சூடான் மக்களுக்குச் சாவதையும் ஊரைவிட்டு ஓடுவதையும் தவிர வேறு வேலையே இல்லை.

2018 டிசம்பரில் ரொட்டி விலையேற்றத்தை எதிர்த்து அட்பரா முதலிய ஊர்களில் மூண்ட போராட்டம்தான், முப்பது ஆண்டுகள் ஆண்ட ஒமர் அல்-பஷீரை 2019 ஏப்ரலில் வீழ்த்தியது. தொழிற்சங்கங்களும், தெருவுக்குத் தெரு இளைஞர்கள் அமைத்த எதிர்ப்புக் குழுக்களும் அதை முன்னின்று நடத்தின. அதே ஆண்டு ஜூன் 3 அன்று, கார்ட்டூமில் ராணுவத் தலைமையகத்தின் முன் அமர்ந்து போராடியவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 2021 அக்டோபரில் ராணுவமும் ஆர்.எஸ்.எஃப். துணைப்படையும் கைகோத்துக்கொண்டே இடைக்காலப் பிரதமர் ஹம்தோக்கின் அரசைக் கவிழ்த்தன. மக்களிடமிருந்து ஆட்சியைப் பறிக்கும்வரை கூட்டாளிகளாக இருந்தவர்கள், பறித்ததைப் பங்கிடுவதில் முறுகிக்கொண்டு 2023 ஏப்ரல் 15 அன்று தலைநகரின் நடுவே ஒருவரையொருவர் சுடத் தொடங்கினார்கள். இனவெறி இல்லை என்று நான் வாதிடவில்லை. அதே ஆண்டில் மேற்குச் சூடானின் டார்ஃபூர் பகுதியிலுள்ள எல் ஜெனீனாவில், அரபியரல்லாத மசாலித் இன மக்கள் இனம் பார்த்தே கொல்லப்பட்டார்கள். ஆனால் 2003 முதல் டார்ஃபூரில் ஜன்ஜவீத் என்ற அரபு ஆயுதக் கும்பல்களுக்கு ஆயுதம் கொடுத்து அந்த வெறியை வளர்த்தது அல்-பஷீரின் அரசு, ஆர்.எஸ்.எஃப். அக்கும்பல்களின் வழியில் வந்த படை.

அந்தத் தெருக் குழுக்கள் போரோடு அழிந்துவிடவில்லை. அவற்றின் இளைஞர்கள் பலர் இன்று 'அவசர உதவி அறைகள்' என்ற பெயரில் பொதுச் சமையற்கூடங்களை நடத்துகிறார்கள். வெளிநாட்டிலுள்ள உறவினர்கள் கைபேசிச் செயலி வழியாக அனுப்பும் பணத்திலும் அயல்நாட்டு உதவியிலும் பருப்பும் மொச்சையும் வாங்கி, பெரிய அண்டாக்களில் வேகவைத்து, பாத்திரத்தோடு வரிசையில் நிற்கும் அக்கம்பக்கத்தாருக்குப் பங்கிடுகிறார்கள். இதற்காக இரு தரப்புப் படைகளாலும் அவர்கள் கைது செய்யப்பட்டிருக்கிறார்கள். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா அயல்நாட்டு உதவியை நிறுத்தியதும் நூற்றுக்கணக்கான சமையற்கூடங்கள் மூடப்பட்டன. ஒன்றரை ஆண்டு முற்றுகையில் கிடந்த எல் ஃபாஷரில், மாட்டுக்கு வைக்கும் கடலைப் பிண்ணாக்கைத் தின்று மக்கள் உயிர் பிழைத்தார்கள். கடைசியில் அதுவும் கிடைக்கவில்லை. 2025 அக்டோபர் இறுதியில் நகரம் வீழ்ந்தபோது, அங்கிருந்த மகப்பேறு மருத்துவமனையில் மட்டும் 460க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

கட்டுரை தொடாமல் விட்ட இன்னொன்று, வெளியிலிருந்து வரும் ஆயுதம். ஐக்கிய அரபு அமீரகம் ஆர்.எஸ்.எஃப்.புக்கு ஆயுதம் அனுப்புவதாக எழுந்த குற்றச்சாட்டை நம்பத்தக்கது என ஐ.நா. வல்லுநர் குழு கூறியது. அமீரகம் அதை மறுக்கிறது. சூடானில் தோண்டப்படும் தங்கத்தின் பெரும்பகுதி அங்கேதான் போய்ச் சேர்கிறது. துபாய்க் கடைகளில் நம்மவர்கள் வாங்கும் நகையில் அது எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை உருக்கிய பின் எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது. 2004இல் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் விதித்த ஆயுதத் தடையோ இன்றும் டார்ஃபூருக்கு மட்டுமே பொருந்துகிறது.

2023இல் 'ஆபரேஷன் காவேரி' மூலம் 3,800க்கும் மேற்பட்ட இந்தியர்கள் மீட்கப்பட்டபோது நாள்தோறும் வந்த சூடான் செய்தி, அவர்கள் வீடு திரும்பியதோடு நம் ஏடுகளில் அநேகமாக நின்றுபோனது. தங்கள் இதழாவது அவசர உதவி அறைகளில் பணியாற்றுவோரின் பேட்டிகளை வெளியிட வேண்டும் என்றும், ஆயுதத் தடையைச் சூடான் முழுமைக்கும் விரிவாக்கக் கோரித் தலையங்கம் எழுத வேண்டும் என்றும் அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி