பொசைடன் கடலுக்கு மட்டும் உரியவன் அல்லன்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிரேக்கத் தொன்மங்களின் திரைவடிவங்கள் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை, பொசைடனைத் திரிசூலம் ஏந்திய கடலரசன் என்ற அளவிலேயே நிறுத்திவிட்டது. இன்றைய படங்கள் பலவும் செய்யும் தவறு இது. பண்டைக் கிரேக்கக் காவியக் கவிஞர் ஹோமர் அவனை மீண்டும் மீண்டும் 'நிலத்தை அதிரச் செய்பவன்' என்றே அழைக்கிறார். கி.மு. 373-இல் ஒரு குளிர்கால இரவு, பொசைடன் வழிபாட்டுக்குப் பெயர்பெற்ற ஹெலிகே என்ற கிரேக்க நகரம் நிலநடுக்கத்தில் சரிந்தது. பின்னாலேயே கடல் புகுந்து அதை மூடியது. நிலம் குலுங்கிய கையோடு கடலும் ஏறிவரும் கரையில் வாழ்ந்தவர்கள், இரண்டையும் ஒரே தெய்வத்திடம் ஒப்படைத்ததில் வியப்பில்லை. குதிரைகளும் அவனுக்கே உரியவை.

திரிசூலத்தை மட்டுமே நினைப்பதால் 'பொசைடன்' என்ற படக்குறிப்பும் பிழையாகிவிட்டது. தாங்கள் வெளியிட்டிருப்பது ஆர்ட்டெமிசியோன் முனையருகே கடலில் கிடைத்து, ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் நிற்கும் 209 செ.மீ. உயர வெண்கலச் சிலை. வலக்கை ஆயுதம் கிடைக்கவில்லை. அந்தப் பிடியில் நீண்ட திரிசூலத்தைப் பொருத்தினால் தண்டு முகத்தை மறைத்துவிடும். எனவே அது இடியை வீசும் ஜீயஸ் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. 'ஜீயஸ் அல்லது பொசைடன்' என்று திருத்தம் வெளியிடுங்கள். ஹெலிகேக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.